மட்டை வாங்குமுன்

ஒரு தொழிலை மேற்கொள்வான் அத்தொழிற்கு வேண்டிய கருவியின் இயல்பை அறிதலும், அதனை ஆளும் முறையைப் பயிலுதலும் இன்றியமையாதன என்பதை யாவரும் உடன்படுவர். உழவன் தன் மண்வெட்டியையும் தச்சன் தன் உளியையும் கையில் எடுத்து, கனம் பார்த்து, பிடி பார்த்து வாங்குவான். கடையில் ஒட்டிய சீட்டைப் பார்த்து வாங்கான். ஆனால் கிரிக்கெட் ஆடும் எம்மனோர் மட்டை வாங்கும் முறையை நோக்கின், முதலிற் பார்ப்பது அதன்மேல் ஒட்டிய சீட்டையே. அடுத்துப் பார்ப்பது அச்சீட்டுடைய மட்டையை எந்தப் பெரிய ஆட்டக்காரர் பிடிக்கின்றார் என்பதையே. தம் கையையும் தம் உடலையும் நினைப்பார் மிகச் சிலர். இப்பிழையைக் குறித்துச் சில சொற்கள் கூறுதலே எம் நோக்கமாகும்.

இலக்கணம் பயிலும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்குத் தோற்பந்தோடு என்ன தொடர்பு எனச் சிலர் நகைக்கக்கூடும். விளையாட்டிற்கும் இலக்கணம் உண்டு. அதனைப் பிழைத்தார்க்கு வரும் தண்டனை தேர்வில் மதிப்பெண் குறைதலினும் கொடிது என்பதை யாம் கண்ணாற் கண்டோம். ஆதலின் எழுதத் துணிந்தோம்.

யாம் வாழும் ஊர் கும்மிடிப்பூண்டிக்கு அண்மையிலுள்ளது. சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து அங்கே சிப்காட் தொழிற்பேட்டை பரந்து கிடக்கின்றது. திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் தொழிற்பேட்டை உண்டு. இவ்விடங்களிலெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆலைச் சுவர்களுக்குப் பின்னுள்ள வெற்றிடங்களில், சிமெண்டுத் தளத்தின்மேல் கயிற்றுப் பாய் விரித்து, ஆணியடித்து, இளைஞர் ஆடுவர். இரவு வேலை முடித்துக் கண் துயிலாது வந்தவரும், மின்சார இரயிலிற் கல்லூரிக்குச் செல்லும் எம்மைப் போன்றவரும் ஓரணியில் நிற்பர். சம்பளத்திற்கு ஆடுவார் ஒருவருமிலர். யாவரும் ஆட்டத்தின்மேலுள்ள காதலால் ஆடுபவரே.

சென்ற ஆண்டு எம் அணியில் அத்தகைய ஒருவர் இருந்தார். யாம் அவரை அண்ணன் என்றே அழைப்போம். ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளராகப் பணியாற்றிய அவர், தீபாவளிப் பணத்தைச் சேர்த்து, இங்கிலாந்து வில்லோ மரத்தாலான மட்டையொன்றை வாங்கினார். அதனை அவர் துணியிற் சுற்றிக் கொணர்ந்த நாளில் யாவரும் மாறி மாறித் தடவிப் பார்த்தோம். ஆனால் கையிலே அணிந்ததோ அணிக்குப் பொதுவான பழைய கிளவுஸ். பஞ்சு பிதுங்கி, விரற்பகுதி தேய்ந்திருந்தது. இரண்டாம் ஓவரில் பாயின்மேற் பட்டு எழும்பிய பந்தொன்று அவருடைய வலக்கைச் சுட்டுவிரலை மட்டைப் பிடியோடு சேர்த்து நசுக்கியது. வலியால் உட்கார்ந்த அவர் எம்மை நோக்கி, “தம்பி, விரல் கிடக்கட்டும்; நாளைக்கு ஷிப்டுக்கு என்ன சொல்லுவேன்?” என்றார். எலும்பு கூட ஆறு வாரங்கள் ஆயின. அவ்வாறு வாரமும் அவருக்குக் கூலியில்லை. இறுதியில் அப்புது மட்டையைப் பாதி விலைக்கு விற்றார்.

இந்நிகழ்ச்சியே எம் கருத்தை வகுத்தது. சம்பளம் பெற்று ஆடுவார்க்கு விரல் முறிந்தால் மருத்துவர் உண்டு, ஊதியம் உண்டு. நமக்கோ ஞாயிற்றுக்கிழமை ஆடும் கையே திங்கட்கிழமை சோறு தேடும் கை. ஆகவே நாம் பொருள் செலவிடும் வரிசை வேறாதல் வேண்டும்: முதலில் தலை, அடுத்து அடிவயிறு, அடுத்துக் கை, அடுத்துக் கால், இவற்றிற்குப் பின்னரே மட்டை.

தோற்பந்தின் எடை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம் வரை. சாதாரண டென்னிஸ் பந்தோ ஏறத்தாழ 58 கிராமே. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிக்குச் சற்று மிகுதியான காலமே செல்லும். 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்திருந்தும், அது மறையாத கழுத்துப் பகுதியிற் பந்து தாக்கி இரண்டு நாளில் இறந்தார். 2025 அக்டோபரில் மெல்போர்னில் வலைப்பயிற்சி செய்துகொண்டிருந்த பதினேழு வயதுச் சங்க ஆட்டக்காரர் ஒருவரும், கழுத்துக் காப்பில்லாத ஹெல்மெட் அணிந்திருந்த நிலையிற் கழுத்தில் அடிபட்டு உயிர் துறந்தார். ஆதலின் ஹெல்மெட் வாங்குவோர் கம்பிவலையின் இடைவெளி வழியே பந்து நுழையாதபடி அமைந்ததையும், கழுத்துக் காப்புப் பொருத்தியதையும் வாங்குக. பலத்த அடி ஏற்றதை மீண்டும் அணியற்க. கிளவுஸ் வாங்குங்கால் கீழ்க்கையின் முதலிரு விரல்களுக்குக் கடினமான உறை இருத்தல் வேண்டும். பந்துவீச்சாளரை நோக்கி நிற்கும் விரல்கள் அவையே ஆதலின்.

முன்னாளில் ஹெல்மெட் இன்றியே பெருவீரர் ஆடவில்லையோ என வினவுவார் உளர். ஆடினர்; மெய்யே. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்த அன்று, 190 ஓட்டங்களில் 97 ஓட்டங்களை ஆட்டமிழவாது தாமே எடுத்தவர் குள்ள உருவினரான குண்டப்பா விசுவநாத். அன்று அவர்தம் காவல் கண்ணும் காலுமே. ஆனால் 1962-இல் பார்படோஸில் சார்லி கிரிஃபித்தின் பந்து தலையிற் பட்டு மண்டையோடு பிளந்த இந்திய அணித்தலைவர் நாரி காண்ட்ராக்டர், உயிர் பிழைத்தும் மீண்டும் டெஸ்ட் ஆட்டம் ஆடவில்லை. அவர் தொடக்க ஆட்டக்காரர், வேகப்பந்துக்குப் பழகியவர். அவர்க்கே அந்நிலை எனின், வாரம் ஒரு நாள் ஆடும் நம் நிலை யாது?

இனி, காப்பணிகள் எல்லாம் அணிந்தும் ஆடும் முறை அறியாதார்க்கு அவை முழுப்பயன் தாரா. நம் இளைஞரிற் பலர் டென்னிஸ் பந்தில் பழகி வந்தவர். முன்காலை விலக்கி மட்டையைக் குறுக்கே வீசுதல் அங்கே பயன் தரும். மெதுவாக எழும் பந்து தவறினும் கேடில்லை. தோற்பந்திற்கு அவ்வழக்கம் ஆகாது. இதற்குக் காரணம் எளிது. மட்டையின் அகலம் 10.8 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது ஆட்டவிதி. மட்டையைப் படுக்கையாக வீசுங்கால் பந்தின் எழுச்சியை ஒரு சாணளவு தவறாகக் கணித்தாலும் பந்து மேலேயோ கீழேயோ தப்பிவிடும். நிமிர்த்திப் பிடித்தாலோ, அலகின் நீளம் முழுவதும் அத்தவற்றைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே தொடக்கத்தில் தலை அசையாது, கண் பந்தை விடாது, முழங்கை உயர, நேரான மட்டையால் ஆடுதலே அறிவுடைமை. பாயின்மேற் பந்து உயர எழுமாதலின், பின்காலிற் சென்று ஆடவும், மார்பளவு எழுவதை ஆடாது விட்டுவிடவும் பழகுக. விடுதலும் ஓர் ஆட்டமே.

பயிற்சிக்கு வலையில்லையே என வருந்துவார்க்கு டொனால்ட் பிராட்மன் வாழ்க்கை விடையளிக்கும். டெஸ்ட் ஆட்டங்களில் 99.94 என்னும் சராசரியைப் பெற்ற அவர், பௌரல் என்னும் சிற்றூரிற் சிறுவராயிருந்தபோது, கோல்ஃப் பந்தை நீர்த்தொட்டியின் அடிச்சுவரில் எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பினால் அடித்துப் பழகினார். சுவர்களுக்கு நம் தொழிற்பேட்டையிற் குறைவில்லை.

மட்டையைப் பற்றி இறுதியிற் கூறுவோம். மேற்கை ஒன்றினாலேயே மட்டையை முன்னீட்டிச் சிறிது நேரம் பிடித்துப் பார்க்க. மணிக்கட்டு தாழுமாயின் அது நமக்கு மிகு கனம். பெரும்பாலார்க்கு 1,100 முதல் 1,200 கிராம் வரை போதும். மரத்தின் வரியொவ்வொன்றும் ஓராண்டு வளர்ச்சியைக் காட்டுவது. வரி மிகுதியே சிறப்பிற்குச் சான்றாகாது. பாய்த்தளத்தில் ஆடித் தொடங்குவார்க்குக் காசுமீர வில்லோ மட்டை சற்றுக் கனமாயினும், உறுதியும் மலிவும் உடையது. புது மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் மெலிதாகப் பூசி, மரச்சுத்தியால் முதலில் மெல்லவும் பின்னர் வலிந்தும் பல மணி நேரம் தட்டிப் பதப்படுத்தியே புதுப்பந்தை எதிர்க்க. சிமெண்டுத் தளத்தில் நுனியைக் குத்தற்க, ஈரத்தில் வையற்க, தகரக் கொட்டகையின் வெப்பத்தில் விடற்க.

நண்பர்காள்! ஓர் அணிக்குப் பொதுப்பணம் சேருங்கால் முதலில் இரண்டு நல்ல ஹெல்மெட்டுகளும் இரண்டு இணை கிளவுஸும் வாங்குக. அடிவயிற்றுக் காப்பை மட்டும் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனியே வைத்துக்கொள்க. நம் கல்லூரியில் பயின்று இன்று நற்பதவிகளில் இருக்கும் முன்னாள் மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம்: வெற்றிக் கோப்பை வழங்குவோர் பலர் உளர், தத்தம் ஊர் அணிக்கு ஒரு ஹெல்மெட் வழங்குவோர் சிலரேனும் ஆகுக. கோப்பை ஓரணிக்கே உரியது. ஹெல்மெட் பதினொருவர் வீட்டிற்கும் உதவும்.

எம் அண்ணன் மீண்டும் ஆட வருகின்றார். இப்போது அவர் கையில் பழைய காசுமீர மட்டை. விரல்களிற் புதிய கிளவுஸ். சென்ற திங்களில் அவர் நாற்பது ஓட்டங்கள் எடுத்தார். மறுநாட் காலை வேலைக்கும் சென்றார்.