பரிசு பத்தாம் வகுப்பில், உதவி எட்டாம் வகுப்பில்

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெறும் பிள்ளைகளை நம் சங்கம் ஆண்டுதோறும் மேடையேற்றிப் பரிசளிக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு உதவி தேவைப்படுவது அதற்கு இரண்டாண்டு முன்பே என்பது என் கருத்து.

மத்திய அரசு 2008-இல் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைக்கான தேர்வு எட்டாம் வகுப்பில் நடக்கிறது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அரசு, மாநகராட்சி, உதவிபெறும் பள்ளிகளில் படிப்போருக்கு மட்டுமே இது உண்டு. மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். இங்கிலீஷ் மீடியம் வேண்டுமென்று கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் இந்த வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள். அதை அவர்களிடம் சொல்வார் இல்லை.

அடுத்தது பெயர்ச் சிக்கல். நாம் இனிஷியலோடு நிறுத்திக்கொள்கிறோம். இங்குள்ள படிவமோ பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கேட்கிறது. விளைவு? பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிக் கணக்கில் வேறொன்று! எங்கள் சாலில் ஒரு பெண் தேர்வாகியும் இதனால் பணம் வராமல் அலைந்தாள். வருமானச் சான்றுக்குத் தகப்பனார் இரண்டு நாள் கூலியை விட்டுத் தாசில்தார் அலுவலகத்தில் நின்றார்.

ஞாயிறு காலைகளில் சங்கக் கட்டடம் பூட்டித்தான் கிடக்கிறது. பொங்கல் விழாவுக்கு ஓடியாடும் இளைஞர்களில் நால்வர் அங்கே உட்கார்ந்து சான்றுகளைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும். வரும் செயற்குழுவில் இதை விவாதிக்க வேண்டுகிறேன். முதல் ஞாயிறுக்கு நான் வருகிறேன்.