வண்ணமும் வாய்மையும்

நம் சங்கத்து ஆண்டுவிழாக் காட்சியில் மாதிரி விமானங்களுக்கென்று தனி மேசை போடுவது நல்ல வழக்கம். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டித் தேய்த்து வண்ணம் தீட்டி, தேர்வுக் காலத்திலும் கண்விழித்து, நண்பர்கள் கொணரும் விமானங்களைக் காணக் கூட்டம் நெருக்குகிறது. ஆயினும் அண்மைக் காலமாக ஒரு மோகம் பரவி வருகிறது. விமானம் எதுவாயினும், எந்த நாட்டில் எந்த நாளில் பறந்ததாயினும், தகட்டு இணைப்புகளிலெல்லாம் கரிய கோடு. விளிம்புகளிலெல்லாம் வண்ணம் பெயர்ந்து வெள்ளி நிறம். உடலெங்கும் எண்ணெய்க் கறை. எத்துணை அழுக்கோ அத்துணைப் பரிசு! இது கலையன்று, கண்கட்டு என்பது என் துணிபு.

"போரில் உழைத்த விமானம் புது மணப்பெண் போலவா இருக்கும்?" என்று கேட்பீர்கள். இராதுதான். உழைப்பின் தழும்பு உழைத்த இடத்தில் இருக்கட்டும் என்பதே என் வழக்கு.

நம் நாட்டு வரலாற்றோடு ஒட்டிய ஹரிக்கேனையே எடுத்துக்கொள்வோம். 1944-இல், இம்பால் போரின்போது, அர்ஜன் சிங்கின் தலைமையில் இந்திய விமானப் படையின் 1-ஆம் ஸ்குவாட்ரன் பறந்தது இந்த விமானத்தில்தான். இறக்கையின் முழு அகலம் 40 அடி. 24-இல் ஒரு பங்காகச் செய்தால் 20 அங்குலம் வரும். மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும். அந்த அளவில் ஒவ்வொரு திருகாணியும் கண்ணுக்குத் தெரியும், பொய்யும் தெரியும்.

ஹரிக்கேனின் முன்பகுதிதான் உலோகத் தகடு. விமானியின் இருக்கைக்குப் பின்னே வால்வரை செல்லும் உடல், எஃகுக் குழாய்க் கூட்டின்மேல் மரச் சட்டங்கள் பொருத்தி இழுத்துப் போர்த்திய துணி. வாலும் துணியே. அந்தத் துணியின்மேல் அலுமினியம் பளபளக்கும்படி வண்ணம் பெயர்ந்ததாகத் தீட்டுவது, வேட்டி கிழிந்த இடத்தில் தகரம் தெரிந்தது என்பது போலாகும்! துணி கிழிந்தால் ஒட்டுப் போடுவார்கள். ஒட்டின்மேல் பூசிய புது வண்ணம் சுற்றியுள்ள பழைய வண்ணத்தைவிடச் சற்று அடர்ந்து நிற்கும். அந்த ஒரு சிறு சதுரத்தை அளவறிந்து தீட்டிவிட்டால், நூறு வெள்ளிப் புள்ளிகள் சொல்லாத கதையை அது சொல்லும்.

விமானி ஏறுவது இடப்புறமாக. ஆகவே இடது இறக்கையின் அடிப்பகுதியில் பூட்சு பட்டுத் தேய்வு மிகுந்திருக்கும். நம் மேசையில் நிற்கும் விமானங்களிலோ இரு புறமும் கண்ணாடியில் பார்த்தாற்போல ஒரே தேய்வு. ஏறியது யார்? விமானியா, தூரிகையா? அதுபோலவே வெயில் வெளுக்க வைப்பது மேற்பரப்பை. ஈரத் தரையின் சேறு தெறிப்பது சக்கரத்திற்குப் பின்னே, இறக்கையின் அடியில். காரணம் தெரிந்தால் கறையின் இடமும் தெரிந்துவிடும்.

வேறொரு வாதத்தை நம் மன்றத்தில் அடிக்கடி கேட்கிறேன். தொலைவில் உள்ள பொருள் வெளிறித் தோன்றுமாம். மாதிரியை ஓர் அடியில் நின்று பார்ப்பது மெய்யான விமானத்தை 24 அடியில் நின்று பார்ப்பதற்கு ஒப்பாம். ஆதலால் எல்லா வண்ணத்திலும் வெள்ளை கலக்க வேண்டுமாம். கேட்க அறிவியல் போல இருக்கிறது, கணக்குப் போட்டால் கரைந்துவிடுகிறது. 20 கிலோமீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும் ஒரு நாளில், 24 அடிக் காற்று குறைக்கும் நிற வேறுபாடு 500-இல் ஒரு பங்குகூட இல்லை. வெளிறிய வண்ணம் உங்கள் கண்ணுக்கு அழகாயிருந்தால் அதையே தீட்டுங்கள். பாவம், காற்றின்மேல் பழி போடாதீர்கள். அளவுக் கணக்கு உண்மையில் உதைப்பது வேறிடத்தில். 0.05 மில்லிமீட்டர் கனமாக வண்ணம் ஏறினால், மெய்யான விமானத்தில் அது 1.2 மில்லிமீட்டர் பூச்சுக்குச் சமம். திருகாணியெல்லாம் புதைந்துபோகும். வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பலமுறை மெல்லப் பூசுவதே வழி. ஏர்பிரஷ் வாங்கக் காசில்லாதவரும் நல்ல தூரிகை கொண்டு பொறுமையாகச் செய்யலாம்.

இவற்றினும் பெரிது சின்னத்தைப் பற்றியது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருந்தது. ஜப்பானியர் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். கண நேரப் பார்வையில் தம்மவரையே பகைவரென்று சுட்டுவிடும் அபாயம் கருதி, கீழ்த்திசைப் போர்முனையில் சிவப்பை அடியோடு நீக்கிக் கருநீலமும் வெளிர்நீலமுமாக மாற்றினர். இம்பால் ஹரிக்கேன் என்று பெயரெழுதிவிட்டு நடுவே சிவப்பை ஒட்டுகிறவர், உயிர் காக்க அழித்த நிறத்தை மீண்டும் ஏற்றுகிறார். பழைய புகைப்படத்தைப் பார்த்துத்தான் தீட்டினேன் என்றால், அது எந்தப் படச்சுருள் என்றும் பார்த்தாக வேண்டும். ஆர்த்தோக்குரோமாட்டிக் சுருளில் சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிர்ந்தும் விழும். கறுப்பு வெள்ளைப் படமும் சாட்சிதான். ஆனால் குறுக்கு விசாரணை வேண்டும். பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் ஒரு ஹரிக்கேன் உண்டு. உருவத்தை அதனிடம் கற்கலாம். வண்ணத்துக்கு அதை மட்டும் நம்பலாகாது. காட்சிப் பொருள்களுக்குப் பின்னாளில் மறுபூச்சு ஏறுவது வழக்கம்.

"பொழுதுபோக்குக்கு இத்தனை வழக்காடலா?" என்று சிரிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். கற்பனை விமானம் செய்யுங்கள். ஊதா நிறமும் மயிற்கழுத்துப் பச்சையும் தீட்டுங்கள். முதல் ஆளாக நான் கைதட்டுவேன். ஆனால் ஒரு ஸ்குவாட்ரனின் பெயரையும் விமானத்தின் வரிசை எண்ணையும் பக்கத்தில் எழுதிவிட்டால், அதை ஓட்டியவனையும் மழையில் நின்று அதற்கு ஒட்டுப் போட்ட மெக்கானிக்கையும் பற்றி நீங்கள் பேசத் தொடங்கிவிட்டீர்கள். திருத்திச் சொல்ல அவர்கள் வரப்போவதில்லை. வேடிக்கை பார்க்க வரும் ஆசிரியர் வீட்டுச் சிறுவனோ, நம் மேசையில் கண்டதையே வரலாறென்று வீட்டுக்குக் கொண்டுபோவான்.

எனவே காட்சிக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாதிரியின் அருகிலும் ஓர் அஞ்சலட்டை அளவுக் குறிப்பு இருக்கட்டும். எந்த விமானம், எந்த ஆண்டு, எந்தத் தளம் என்பது முதல் வரி. வண்ணத்திற்கு ஆதாரம் யாது என்பது அடுத்தது. எவை ஊகம் என்பதையும் ஒளிக்காமல் எழுதட்டும். ஊகத்திற்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். நடுவர்கள் முதலில் அட்டையைப் படித்துவிட்டுப் பிறகு விமானத்தைப் பார்க்கட்டும். அட்டைக்கு ஆகும் செலவை நம் விடுதி நண்பர்களிடமே திரட்டிவிடலாம்.