சொந்தக்காரர்கள் போனை எடுப்பார்களா?



ஸ்கூல் ஃபீஸ் கட்டி முடித்த கையோடு பல வீடுகளில் வரும் பேச்சு இது: 'மாசம் இன்னும் ஒரு நாலாயிரம் வந்தா மூச்சு விடலாம்.' அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் வந்து உட்காருவார். "பார்க்கிற வேலையை விட வேண்டாம். நேரம் கிடைக்கும்போது செய்யுங்க. தெரிஞ்ச நாலு பேர்கிட்ட சொன்னா போதும், கமிஷன் வந்துடும்."

இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், வாட்ஸ்அப்பில் புடவை, எடை குறைக்கும் பவுடர், கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் என்று ஆள் சொல்லிவிட்டால் காசு தரும் வேலைகள் இன்று நிறையவே இருக்கின்றன. எல்லாமே ஏமாற்று என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அது, மாதாமாதம் நம் வாசலுக்கு வந்து போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (தொடர் வைப்பு) பணம் வசூலிக்கும் அக்காவுக்குச் செய்கிற அநியாயம்.

அந்த அக்காவின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா? மகிளா பிரதான் ஏஜென்ட் என்ற பெயரில் பெண்களுக்காகவே 1972-ல் வந்த திட்டம் அது. வசூலித்துக் கட்டும் தொகையில் 4 சதவிகிதம் கமிஷன். நூறு வீடுகள், வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் வசூல் ஒரு லட்சம். கையில் நிற்பது 4,000. கௌரவமான பணம்தான். ஆனால், நூறு வீட்டுப் படியேற வேண்டும்.

அதுவும் எப்போது? 15-ம் தேதிக்குள் கணக்கு தொடங்கியவர்கள், ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். மற்றவர்களுக்கு மாதக் கடைசி. சம்பளம் வந்த வாரத்தில், அதுவும் ஆட்கள் வீட்டில் இருக்கும் காலை ஏழு மணிக்கோ இரவு எட்டு மணிக்கோ போனால்தான் பணம் கிடைக்கும். 'உங்க வசதிப்படி செய்யலாம்' என்று சொல்கிறார்களே, அது பாதிதான் உண்மை. வாடிக்கையாளரின் வசதிதான் அங்கே கடிகாரம். பிள்ளைகளுக்கு டிபன் கட்டும் நேரமும் வசூல் நேரமும் ஒன்றாக வந்தால் வீட்டில் யார் கை கொடுப்பார்கள் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

செலவையும் எழுதிப் பாருங்கள். பெட்ரோல், போன் ரீசார்ஜ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது வேறு. 'இந்த மாசம் நீயே கட்டிடு, அடுத்த மாசம் தர்றேன்' என்று பக்கத்து வீட்டம்மா சொல்வார். அந்தப் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். இன்ஷூரன்ஸிலோ, 'உன் கமிஷன்ல பாதியை எனக்குக் கொடு, பாலிசி போடுறேன்' என்று சித்தப்பாவே கேட்பார். அப்படிக் கொடுப்பதை இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவு தடை செய்கிறது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சித்தப்பாவிடம் சிரித்த முகத்தோடு 'முடியாது' என்று சொல்ல உங்களால் முடியுமா? முடியாதென்றால், இந்தத் தொழில் கொஞ்சம் கஷ்டம்தான்.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம். உங்களுக்கு வரும் கமிஷன் எங்கிருந்து வருகிறது? யாரோ ஒருவர் தனக்குத் தேவையான பொருளை வாங்கியதால் வருகிறதா, இல்லை புதிதாக ஒருவர் பணம் கட்டிச் சேர்ந்ததால் வருகிறதா? ஜூம் மீட்டிங்கில் ஒன்றரை மணி நேரம் காரையும் துபாய் டூரையும் காட்டிவிட்டு, பொருளைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை என்றால் பதில் தெரிந்துவிட்டது. ஆள் சேர்த்தால் பணம் என்பதற்கு 1978-லேயே நம் நாட்டில் தடைச் சட்டம் வந்துவிட்டது. நடத்துபவர் மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்பவரும் தப்பு செய்தவர்தான் என்கிறது அந்தச் சட்டம். நேரடி விற்பனைக்கென 2021-ல் வந்த விதிகளும் இந்தப் பிரமிடு வேலையைத் தடுக்கின்றன. 'நான் சும்மா சொல்லிவிட்டேன், அவ்வளவுதானே' என்பது அங்கே செல்லாது.

ஆருத்ரா நிதி நிறுவன விவகாரம் ஞாபகம் இருக்கும். சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாக வழக்கு. அத்தனை பேரும் விளம்பரத்தைப் பார்த்தா பணம் கட்டினார்கள்? பலருக்கு மச்சானோ, ஆபீஸ் நண்பரோ, கூடப் படித்தவரோ வந்து சொல்லியிருப்பார். சொன்னவரும் தன் பணத்தைப் போட்டு நம்பியவராகவே இருந்திருக்கலாம். ஆனால், பணம் போனதும் ஜனங்கள் முதலில் தட்டுவது தெரிந்தவர் வீட்டுக் கதவைத்தானே?

அதனால்தான் சொல்கிறேன், இந்தத் தொழிலில் நீங்கள் போடும் முதல் உங்கள் பேர். 'முதலீடே இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்யாண மண்டபத்தில் நீங்கள் வருவதைப் பார்த்ததும் 'ஐயோ, பாலிசி பேச வர்றா' என்று நாத்தனார் வேறு பக்கம் திரும்பினால், அந்த நஷ்டத்தை எந்தக் கமிஷன் ஸ்டேட்மென்ட்டில் எழுதுவது?

இந்தக் கோணத்தில் யோசித்தால், முடிவெடுக்க ஒரு சோதனை போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. கமிஷன் ஒரு பைசாகூட இல்லையென்றாலும் இதை உங்கள் சொந்தத் தங்கைக்கு வாங்கிக்கொள்ளச் சொல்வீர்களா? டேர்ம் இன்ஷூரன்ஸை நான் சொல்வேன். ஆர்.டி-யைக் கட்டாயம் சொல்வேன். ஏற்கெனவே மூன்று இ.எம்.ஐ. கட்டும் தங்கையிடம் நாலாவதாக ஒரு பர்சனல் லோனை, எனக்கு ரெஃபரல் பணம் வருகிறது என்பதற்காகச் சொல்ல மாட்டேன்.

கூச்ச சுபாவம் இருந்தால் இந்த வேலை செய்ய முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் அதிகம் பேசாத, சொன்ன தேதிக்கு வந்து நிற்கிற, கட்டிய பணத்தை உடனே பாஸ்புக்கில் பதிந்து காட்டுகிற ஆட்களிடம்தான் ஜனங்கள் வருஷக்கணக்கில் நிற்கிறார்கள். ஆனால், முதல் சில மாதம் வருமானம் ஏறி இறங்கும். இந்த மாத வாடகைக்கே அந்தப் பணத்தை நம்பியிருக்கிறவர்கள், தையலோ டியூஷனோ, மாதம் இவ்வளவு என்று தெரிந்த வேலையை முதலில் பார்ப்பது நல்லது.

'இன்னிக்கே சேர்ந்தாதான் இந்த ஆஃபர்' என்று யாராவது அவசரப்படுத்தினால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நம் வாசகிகளில் ஏஜென்ட்டாக இருப்பவர்கள் பலர் உண்டு. உங்கள் போன மாதக் கணக்கை வரவு, செலவு, கையிலிருந்து போட்டது என்று ஒளிக்காமல் எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். புதிதாக இறங்க நினைக்கும் பெண்களுக்கு மீட்டிங்கில் காட்டும் படங்களைவிட அந்தக் கணக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்