கணினி நம்முடையது, ஆணை யாருடையது?

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. அன்று வரை குறையின்றி இயங்கிய கணினிகள் மறுநாளும் இயங்கவே செய்தன. ஆனால் அவற்றுக்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், ஏறத்தாழ 2018-க்குப் பின் வந்த செயலியும் வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. அதற்கு முந்தைய கணினி வைத்திருப்போர் புதியது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மேலும் ஓராண்டு அவகாசம் வேண்டுமானால் பணம் கட்டலாம். அல்லது கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் கணக்கோடு இணைத்துத் தங்கள் தகவல்களை ஒப்படைக்கலாம். இதுவே அது காட்டிய சலுகை.

இந்தச் சலுகையின் பொருளை இந்தியக் குடும்பங்களின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2017-18 கல்வி ஆய்வின்படி, நம் நாட்டில் நூறு குடும்பங்களில் ஏறத்தாழ பதினோரு குடும்பங்களிடம் மட்டுமே கணினி இருந்தது. ஓர் ஆசிரியையோ, போக்குவரத்துத் தொழிலாளியோ தவணை கட்டி வாங்கிய ஒரு கணினியில்தான் மகளின் கல்லூரிப் பாடமும், மகனின் வேலை விண்ணப்பமும், சங்கத்தின் துண்டறிக்கையும் உருவாகின்றன. அது பழுதடைந்தால் பழுது பார்க்கலாம். பழுதே இல்லாத பொருள் காலாவதியாகிவிட்டது என்று எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் அறிவிக்கும்போது என்ன செய்வது? தூக்கி எறியப்படும் கணினிகள் எங்கே போகின்றன என்பதும் நாம் அறிந்ததே. தில்லி சீலம்பூரிலும் உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்திலும் முறைசாராத் தொழிலாளர்கள் அவற்றை வெறுங்கையால் பிரித்து, அமிலத்திலும் நெருப்பிலும் உலோகம் எடுத்துத் தங்கள் நுரையீரலை விலையாகத் தருகிறார்கள்.

பணம் கொடுத்து வாங்கிய இயந்திரம் நம்முடையது. அதனை இயக்கும் மென்பொருள் நம்முடையதன்று. அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே உரிமம் நமக்குத் தருகிறது. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும் என்பதை 2025 ஜூலையில் நாடே கண்டது. ரஷ்ய நிறுவனமான ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்துள்ள நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட், குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. இந்தியச் சட்டம் எதையும் மீறாத ஒரு நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. அதன் பின்னரே சேவை மீண்டது. பெரும் ஆலைக்கே இக்கதி என்றால் சாதாரணக் குடும்பத்தின் நிலை சொல்லாமலே விளங்கும்.

இதற்கு மாற்று உண்டு. அது நாற்பதாண்டு வரலாறு உடையது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் உழைப்பால் வளர்ந்ததே க்னூ லினக்ஸ் இயங்குதளம். எதற்காகவும் இயக்கலாம், மூலநிரலைப் படித்து மாற்றலாம், பிறருக்குப் படியெடுத்துத் தரலாம், மாற்றியதையும் பகிரலாம் என்ற நான்கு சுதந்திரங்கள் அதன் அடிப்படை. பொதுவில் விளைந்ததைத் தனியுடைமையாக்குவதைத் தடுக்கும் உரிமமும் அதற்கு உண்டு. பெருமூலதனமும் இப்பொதுச் சொத்தை நம்பியே நிற்கிறது. உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் 2017 முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் கருவும் அதுவே. தங்கள் கூடங்களில் இதனைப் பயன்படுத்திக்கொள்ளும் நிறுவனங்கள், வீட்டுக் கணினியில் மட்டும் உரிமக் கட்டணம் வசூலிக்கின்றன.

வீட்டுக் கணினிக்கு இது ஒத்துவருமா என்ற கேள்விக்குக் கேரளம் விடை தந்துள்ளது. அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் இருபதாண்டுகளுக்கு முன்பே கட்டற்ற மென்பொருளுக்கு மாறத் தொடங்கின. 2006-இல் அமைந்த இடது ஜனநாயக முன்னணி அரசு அதனைத் தன் தகவல் தொழில்நுட்பக் கொள்கையாகவே ஆக்கியது. பள்ளிக் கணினிகள் இரண்டு லட்சத்தில் லினக்ஸ் இயங்குவதால் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019-இல் அரசின் 'கைட்' நிறுவனம் மதிப்பிட்டது. பணத்தினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. பள்ளியில் பயன்படுத்தும் அதே இயங்குதளத்தைக் குழந்தை வீட்டிற்கும் சட்டப்படி எடுத்துச் செல்லலாம். திருட்டுப் படியைத் தேடி எவரும் அலைய வேண்டியதில்லை.

அங்கே மாற்றம் நிலைத்ததற்குக் காரணம் மென்பொருள் மட்டுமன்று. ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி அளிக்கப்பட்டது. சிக்கல் வந்தால் கேட்பதற்குப் பள்ளிதோறும் ஆள் இருந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. ஆயினும் அரசியல் தலைமை மாறியபின் 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அரசியல் உறுதி தளர்ந்தால் தொழில்நுட்பம் தனித்து நிற்காது.

இடர்ப்பாடுகளை மறைப்பதும் நேர்மையன்று. நம் அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்படுகிறது. அது லினக்ஸில் நேரடியாக இயங்காது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஆவணங்கள் பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினாலன்றி, அந்த எழுத்துருக்கள் நிறுவப்படாத கணினியில் அவை தமிழாகத் தெரியமாட்டா. அச்சுப்பொறிகள் சில ஒத்துழைப்பதில்லை. அரசின் மின்னணுக் கையொப்பக் கருவிகள் சில விண்டோஸையே எதிர்பார்க்கின்றன. இவற்றுள் பல நம் உழைப்பால் தீர்பவை. தமிழ்த் தட்டச்சும் தமிழ் இடைமுகமும் தன்னார்வலர்களின் உழைப்பால் லினக்ஸில் நெடுங்காலமாகவே உள்ளன.

அரசினால் மட்டுமே தீர்பவையும் உண்டு. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் 2007-இலேயே வெளிவந்தது. அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று ஒன்றிய அரசே 2015-இல் கொள்கை வகுத்தது. தற்சார்பு முழக்கம் நாள்தோறும் கேட்கிறது. அக்கொள்கையோ ஏட்டில் உறங்குகிறது. அழுத்தம் தந்தால் பலன் உண்டு என்பதற்கு நம் சொந்த வரலாறே சான்று. 2004 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட காப்புரிமை அவசரச் சட்டம் மென்பொருளுக்கும் காப்புரிமை வழங்க வழிதிறந்தது. இடதுசாரிகளின் எதிர்ப்பால் 2005 சட்டத்தில் அப்பகுதி கைவிடப்பட்டது.

எனவே பணி இரு தளங்களில் நடைபெற வேண்டும். அரசு வழங்கும் கணினிகளிலும், பள்ளிகளிலும், அரசுப் படிவங்களிலும் கட்டற்ற மென்பொருள் இயல்பாக இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கையை மாணவர், ஆசிரியர், ஊழியர் அமைப்புகள் எழுப்ப வேண்டும். உடனடிப் பணியோ நம் வீட்டு மேசையிலேயே இருக்கிறது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினிக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் போதும். முதலில் ஆவணங்களைத் தனியே படியெடுத்து வைக்க வேண்டும். ஒரு யூஎஸ்பி நினைவகத்திலிருந்தே அதனை இயக்கி, வன்தட்டில் எதையும் மாற்றாமல் சோதித்துப் பார்த்தபின் நிறுவலாம். ஒவ்வொரு பகுதியிலும் ஓரிரு இளம் தோழர்கள் பயிற்சி பெற்று, மற்றவர்களின் வீட்டிற்குச் சென்று உதவும் ஏற்பாடு வேண்டும். தனியே முயல்பவர் முதல் சிக்கலிலேயே பழையதற்குத் திரும்பிவிடுவார். கூட்டாக முயல்பவர் திரும்பமாட்டார்.

பலர் உழைத்து அனைவருக்கும் உரிமையாக்கிய ஒன்றைப் பயன்படுத்தும் தகுதி மற்றெவரையும்விட உழைப்பாளர் இயக்கத்திற்கே உண்டு. குப்பைக்குப் போகவிருக்கும் ஒரு கணினியை ஒரு தோழர் மீட்டெடுத்து அடுத்த வீட்டு மாணவியிடம் ஒப்படைப்பதிலிருந்து இப்பணி தொடங்கட்டும்.