முதல் ஊசி யாருக்கு?

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கால் காயங்களோடு வருபவர்கள் பலர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றியவர்கள் அவர்கள். ஒருவருக்குக் கண்ணாடித் துண்டு கிழித்திருக்கும், இன்னொருவருக்கு ஆணி ஏறியிருக்கும். காயத்தைக் கழுவிக் கட்டுப்போட இசைபவர்கள், டி.டி. ஊசி என்றதும் தயங்குகிறார்கள். ஊசியால் ஏதேனும் ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று உடன் வந்தவர் கேட்கிறார்.

இந்தக் கேள்வியை நாங்கள் குறையாகக் கருதுவதில்லை. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி, நம் நாட்டுக்குப் பெரும் நன்மை செய்த ஒருவரின் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது. அவர் பெயர் வால்டெமார் மொர்தெகாய் ஹாஃப்கைன். யூதர்.

யூதர் என்ற சொல் நம் ஊருக்கு அந்நியமானதன்று. ரமணாசிரமத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து 'குரு ரமண' என்னும் நூலை எழுதிய எஸ். எஸ். கோஹன் யூதரே. ஆனால் ஹாஃப்கைனை இங்கே அறிந்தவர்கள் மிகச் சிலர். அவர் 1860இல், அன்று ரஷ்யப் பேரரசின் துறைமுக நகரமாக இருந்த ஒதெஸ்ஸாவில் பிறந்தார். விலங்கியல் பயின்றார். யூதராகவே இருந்தால் அங்கே உயர்பதவி கிட்டாது என்ற நிலையிலும் அவர் மதம் மாறவில்லை. நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் நூலகராக வேலைக்குச் சேர்ந்தார். நூலக வேலை போக எஞ்சிய நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் உழைத்துக் காலராவுக்குத் தடுப்பூசி கண்டார். 1892ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று அதை முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார்.

மறு ஆண்டு அவர் இந்தியா வந்தார். திருவிழாக் கூட்டம் கலையும்போது காலராவும் ஊர் ஊராகப் பரவிய காலம் அது. அந்நியர் ஒருவர் கையில் ஊசியோடு வந்தால் மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. கல்கத்தாவின் சேரிப்பகுதி ஒன்றில் அவர் இந்திய மருத்துவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மக்கள் கண்முன்னே முதலில் தமக்கு ஊசி போட்டுக்கொண்டார். அதன்பின் ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்த அவ்விடத்தில் 116 பேர் முன்வந்தனர். அடுத்து அங்கே காலரா வந்தபோது இறந்த எழுவரும் ஊசி போடாதவர்களே.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அரசு அவரை அங்கே அழைத்தது. ஒரு சிறிய அறையில், ஓர் எழுத்தரும் சில கடைநிலை ஊழியர்களும் மட்டுமே துணையாக, சில மாதங்களில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று அதையும் முதலில் தமக்கே, வழக்கமான அளவைவிடக் கூடுதலாகவே போட்டுக்கொண்டார். ஆகா கான் பலரறிய அந்த ஊசியைப் போட்டுக்கொண்டதும் அவருடைய சமூகத்தார் ஆயிரக்கணக்கில் பின்தொடர்ந்தனர்.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஐந்து குப்பிகளிலிருந்து ஊசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் ரண ஜன்னி கண்டு இறந்தனர். எங்கள் கிரிவல நோயாளிகளை எந்த நோயிலிருந்து காக்க நாங்கள் டி.டி. ஊசி போடுகிறோமோ, அதே நோய். பழி ஹாஃப்கைனின் ஆய்வுக்கூடத்தின்மேல் விழுந்தது. அவர் பதவியிழந்தார்.

ஆனால் உண்மைகள் வேறு திசையைக் காட்டின. 19 பேருக்கும் ஒரே குப்பியிலிருந்துதான் மருந்து சென்றிருந்தது. மற்ற நான்கு குப்பிகளால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. குப்பியின் மூடியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்ததும், அதை முறையாகச் சுத்திகரிக்காமல் பயன்படுத்தியதும் விசாரணையிலேயே பதிவாகியிருந்தன. ரண ஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் 1907இல் லண்டன் நாளிதழ் வழியாக வாதாடிய பின்னரே அவர்மேல் இருந்த களங்கம் நீங்கியது. அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். ஆனால் இழந்த ஆண்டுகளை எவரும் திருப்பித் தரவில்லை. 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார்.

அவர் தொடங்கிய மரபு அவரோடு முடியவில்லை. போலியோவுக்கு ஊசி மருந்து கண்ட ஜோனஸ் சால்க், சொட்டு மருந்து கண்ட ஆல்பர்ட் சேபின் இருவரும் யூதர்கள். இருவரும் தத்தம் மருந்தைத் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்த்தவர்கள். சேபின் வழிவந்த சொட்டு மருந்து மும்பையில் ஹாஃப்கைன் பெயர் தாங்கிய நிறுவனத்தில் தயாராகிறது. 2011க்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் ஒரு குழந்தைகூட முடமானதில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் நம் பச்சிளங்குழந்தைகளுக்குப் போடப்படும் ஹெபடைடிஸ் பி ஊசிக்கு அடிப்படையிட்ட பாரூக் பிளம்பெர்க்கும் யூதரே. 1976இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

மல்கோவாலிலிருந்து நாங்கள் கற்கும் பாடம் இரண்டு. ஊசி போடும் கைக்குச் சுத்தமும் கவனமும் ஒரு கணம்கூடத் தவறக் கூடாது என்பது ஒன்று. தவறு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று நேர்மையாகத் தேட வேண்டும் என்பது மற்றொன்று. எளிதில் அகப்பட்டவர்மேல் பழி போட்டால் உண்மையும் மறையும், மக்களின் நம்பிக்கையும் அழியும். அந்த நம்பிக்கை அழிந்தால் அடுத்த நோயில் இறப்பவர்கள் ஊசி போட அஞ்சியவர்களே. மருத்துவர்களாகிய நாங்கள் தவறை மறைத்தால், உங்கள் அச்சத்தைக் குறைகூறும் உரிமை எங்களுக்கு இல்லை என்பதே எங்கள் கருத்து.

ஆகவே கேளுங்கள். குப்பியின் காலாவதி நாளைக் காட்டச் சொல்லுங்கள். புதிய ஊசி உறையிலிருந்து உங்கள் எதிரில் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஊசிக்குப்பின் அரைமணி நேரம் இங்கேயே அமர்ந்திருங்கள். ஊசி போட்ட இடத்தில் வலியும் லேசான காய்ச்சலும் வரலாம். ஓரிரு நாளில் தணியும். அதற்கு மேல் எதுவானாலும் உடனே வாருங்கள். கடைசி டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பத்து ஆண்டுகள் கடந்திருந்தால், அல்லது காயம் மண்பட்டதாக இருந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால், மறுபடியும் தேவைப்படும்.

நீங்கள் போட்டுக்கொண்டீர்களா, உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டீர்களா என்றும் எங்களைக் கேளுங்கள். ஆம் என்று சொல்ல முடியாத மருத்துவர் உங்கள் கையைப் பற்றி ஊசி ஏற்றத் தகுதியற்றவர். ஹாஃப்கைன் கல்கத்தாவின் சேரியில் வைத்த அளவுகோல் அதுதான். அதே அளவுகோலால் எங்களையும் அளந்து பாருங்கள். பிறகு கையை நீட்டுங்கள்.