ஆண் மீன்தானே என்று ஊருணியில் விடாதீர்கள்

போன வாரம் காலை நடை போய்த் திரும்பும்போது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் ஊருணிப் படியில் பிளாஸ்டிக் வாளியோடு நின்றார். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றரைச் சாண் நீளத்தில் ஆஸ்கார் மீன்.

"பையன் ஜோடியா வாங்கினான் சார். பொண்ணு செத்துப்போச்சு. இது சின்னத் தொட்டியில கெடந்து கஷ்டப்படுது."

"ஊருணியில் விடலாமா?"

"ஆண் மீன்தானே சார். ஒண்டியாக் கெடந்து என்ன பண்ணப் போகுது? குஞ்சா பொரிக்கும்?"

"ஆண் என்று எப்படித் தெரியும்?"

"நெத்தி தூக்கலா இருக்கு பாருங்க, நெறமும் தூக்கல். கடைக்காரரே சொன்னாரு."

பேசிக்கொண்டே வாளியைக் கவிழ்த்துவிட்டார். நான் வாயடைத்து நின்றேன். அங்கே சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

ஆஸ்காரில் ஆண் எது, பெண் எது என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரராலும் முடியாது, வளர்ப்பவராலும் முடியாது. நெற்றி, நிறம், உடம்பின் அளவு எதுவும் அடையாளம் அல்ல. முட்டையிடும் சமயத்தில் மட்டும் மலத்துவாரத்தை ஒட்டி ஒரு சிறு குழாய் வெளியே நீளும். பெண்ணுக்கு அது தடித்து, நுனி மழுங்கியிருக்கும். ஆணுக்கு மெலிந்து கூர்மையாக இருக்கும். அதற்கு மீன் பருவத்துக்கு வந்திருக்க வேண்டும், ஒரு வருடமாவது ஆகும். கடையில் விற்பதோ விரல் நீளக் குஞ்சு. அதில் "ஜோடி" என்று எடுத்துக் கொடுப்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம். இரண்டும் சேர்ந்து முட்டையிட்டால்கூட ஜோடி என்று நம்ப முடியாது. ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண் மீன்கள் இணை போலக் கூடி முட்டையிடுவதும் உண்டு. அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான்.

மற்ற வேட்டை மீன்களும் இப்படித்தான். ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கியது. தலைப் புடைப்பு ஆணுக்குப் பெரிது என்பது பொதுவாகச் சரி. ஆனால் புடைப்புள்ள பெண்ணும் உண்டு, புடைக்காத ஆணும் உண்டு. வாஸ்துவுக்கு என்று வாங்கும் அரவானாவில், பெண் இட்ட முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாப்பது அப்பன் மீன். ஆனால் அதைக் குஞ்சிலே பார்த்து ஆண், பெண் பிரிக்க வழியில்லை. முதலை மூஞ்சியோடு வருகிற அலிகேட்டர் காரில் பெண்தான் பெரிதாக வளரும். "பெருசா இருக்கு, ஆண்" என்கிற நம் கணக்கு அங்கே தலைகீழ்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் ஒவ்வொரு மீனுக்கும் பால் உண்டு. கெண்டை இனத்தைச் சேர்ந்த கார்ப் பெண்பால், புரோஷே என்கிற வேட்டை மீன் ஆண்பால். தப்பாக எழுதினால் வாத்தியார் காதைத் திருகுவார். ஆனால் ஐரோப்பிய ஆறுகளில் சிக்கும் பெரிய புரோஷே எல்லாம் பெரும்பாலும் பெண் மீன்கள்தான். நம் தமிழ் மீனை அஃறிணை என்று வைத்து, "அது" என்பதோடு நிறுத்திக்கொண்டது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை.

சில மீன்களில் பிரிப்பது சுலபம், மறுக்கவில்லை. கப்பியில் வண்ண வால் இருந்தால் ஆண். கொசுப்புழுவுக்காகக் கிணற்றில் விடும் கம்பூசியாவில் ஆண் சிறிது, பெண் பெரிது. இவற்றைப் பார்த்துப் பழகியவர்கள் அதே கண்ணால் ஆஸ்காரையும் பார்க்கிறார்கள். கோளாறு அங்கேதான்.

"சார், ஊருணியில் விரால் இல்லையா? அதுவும் மற்ற மீனைத் தின்பதுதானே?" என்று கேட்பீர்கள். தின்னும். ஆனால் விரால் இந்த மண்ணின் மீன். கெண்டையும் கெளுத்தியும் அதோடு சேர்ந்தே பிழைத்து வந்தவை. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை விரால் காவல் காத்துத் திரிவதை நம் கண்மாய்களில் பார்க்காதவர் யார்? ஆஸ்கார் அமேசான் பக்கத்து மீன். ஒரு முறைக்கு ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் இருக்கும். இந்த வெயிலும் இந்தத் தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்ளும்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்துச் சாலக்குடி ஆற்றில் அரபைமா என்கிற ராட்சத மீன் வலையில் சிக்கியது. யாரோ வளர்த்தது. சென்னைப் பக்கத்து ஏரிகளில் தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் பெருகிக் கிடக்கிறது. அதையும் யாரோ வாளியில் கொண்டு வந்துதான் விட்டார்கள்.

அந்த யாரோவும் "ஒன்றுதானே" என்றுதான் நினைத்திருப்பார். நீங்கள் ஆண் என்று நம்பி ஒன்றை விடுகிறீர்கள். அடுத்த தெருக்காரர் பெண் என்று நம்பி ஒன்றை விடுகிறார். இரண்டு பேர் நம்பிக்கையும் தப்பாக இருந்தாலும் ஊருணிக்குள் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்துவிடும். கடைக்காரர் கொடுத்த ஜோடிதான் பொய். ஊருணியில் சேருகிற ஜோடி நிஜம்.

உயிரை விட்டுவிட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைத் தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் வரத்துக்கால் வெட்டி, கல் படி கட்டி, ஊர் குடிக்க ஊருணி வைத்தார்கள் நம் முன்னோர். அந்தத் தண்ணீரில் உள்ள கெண்டைக்கும் உயிர் உண்டு. ஒன்றை விட்டு நூறைத் தின்னக் கொடுப்பது எந்தக் கணக்கில் புண்ணியம்?

வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காதீர்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். அதைவிட நல்லது, பேரப்பிள்ளை கை காட்டும்போதே "இது எவ்வளவு பெரிசாகும்?" என்று கடையில் கேளுங்கள். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். பதில் வரும், அது பதிலாக இருக்காது.

அந்த ஆஸ்கார் இப்போது எங்கள் ஊருணியில்தான் இருக்கிறது. ஆணா, பெண்ணா? எனக்குத் தெரியாது. விட்டவருக்கும் தெரியாது.