பிக்கப்பில் எவ்வளவு மீன் ஏற்றலாம்? பதில் ஆர்.சி.யிலேயே இருக்கு!

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகள் கரை சேர்ந்ததும் அடுத்த ஓட்டம் பிக்கப் வண்டிகளுடையது. "அமெரிக்காவுல ஒரு பிக்கப் 6 டன் இழுக்குதே, நம்ம வண்டி 2 டன் தாங்காதா?" என்று தோன்றலாம். குழப்பமே இங்கேதான்.

இழுப்பது வேறு, சுமப்பது வேறு

ஃபோர்டு எஃப்-150 சுமார் 6 டன் இழுப்பது, பின்னால் மாட்டும் டிரெய்லரில். அந்த எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது டிரெய்லரின் சக்கரங்கள். வண்டி தன் முதுகில் சுமப்பது பல ரகங்களில் 1 டன்னைச் சுற்றித்தான். நம்ம மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் 1.3 டன், 1.7 டன் சுமக்கும் ரகங்களே இருக்கு.

கணக்கு என்ன?

ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, 3,000 கிலோவில் 1,700 போனால் 1,300. இதில் மீன் மட்டுமில்லை. ஐஸ், பெட்டி, ஏறும் ஆட்கள் எல்லாம் அடக்கம். மீனுக்குச் சமமாக ஐஸ் போட்டால், மீன் 600 கிலோவைத் தாண்டாது.

மீறினால்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, பிரிவு 194-ன் கீழ் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அதிகச் சுமையை இறக்கும்வரை வண்டி நகர முடியாது. அதற்குள் ஐஸ் உருகிடும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் பிரேக். சுமை மீறினால் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். இன்னொரு நடைக்கு ஆகும் டீசலை மிச்சம் பிடிக்க, டிரைவரின் உயிரைப் பணயம் வைக்கணுமா?